ஈர மை

லாடர் நிறுத்தத்தில் ரோனாவின் புத்தகத்தைப் பிரித்தபோது கடைசி முத்திரையின் மை ஈரமாக இருந்தது. அது போன வருடம் குத்தியது.

கேலம் விரலைக் கால்சட்டையில் துடைத்தான். ஊதா போகவில்லை.

தண்டவாளம் பெயர்த்த இந்தப் பாதையில் நடப்பவர்கள் பழைய ஸ்டேஷன்தோறும் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொள்வார்கள். ரோனாவுக்கு லாடரோடு நின்றுபோயிற்று. மிச்சத்தை அவளுக்காகக் குத்தத்தான் வந்திருந்தான்.

நிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சைக்கிள்காரி, ஜீன் என்று பெயர் சொன்னவள், எட்டிப் பார்த்தாள். "ரெண்டு புத்தகமா? திருட்டு முத்திரை குத்தறியாப்பா?"

"ஒண்ணு வீட்டுக்காரியோடது."

"அவங்க நடப்பாங்க, நீ குத்துவியா? நல்ல ஆளு."

இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

வெயிலில் காட்டுத் தைம் செடிகள் மணத்தன. மலையிடுக்கில் ஆறு கண்ணுக்குத் தெரியாமல் இரைந்தது. சரளையில் அவன் காலடிகளுக்குச் சற்றுப் பின்னால், சற்று மெதுவாக, வேறு காலடிகளும் கேட்டன. நின்றான். அவையும் நின்றன.

முதல் சுரங்கத்தின் வாயருகே சைக்கிள் மணி. ஜீன் இறங்கினாள்.

"என்னப்பா இது? உன் வீட்டுக்காரி டார்ச் இல்லாம பின்னாடி வர்றாங்க. என்னோடத எடுத்துக்கங்கன்னேன். வேணாம், அவர்கிட்ட இருக்குன்னாங்க." அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருட்டுக்குள் போனாள்.

பாதை வெறுமையாகக் கிடந்தது.

போன வருடமும் டார்ச் அவனிடம்தான் இருந்தது. அற்பச் சண்டை. இதே சுரங்கத்தின் நடுவில் விளக்கை அணைத்துவிட்டு, "இப்பத் தடவிக்கிட்டு வா" என்று சொல்லி முன்னால் நடந்தான். சிரித்தான்கூட. அவள் விழுந்து பாறையில் தலை மோதிய சத்தம் கேட்டது. விளையாடுகிறாள் என்று நினைத்து வெளியே வந்து வெயிலில் காத்திருந்தான். பேட்டரி தீர்ந்துபோயிற்று என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். அவள் அம்மாவிடமும்.

இப்போது உள்ளே போனான். வந்த வழியைப் பார்த்துத் திரும்பி, டார்ச்சை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு, பின்னோக்கியே நடந்தான். அவளுக்கு வழி தெரியட்டும்.

கரிப்புகை படிந்த கல். சொட்டும் நீர். வெளிச்சத்தில் யாரும் இல்லை.

"ரோனா, நான்தான் அணைச்சேன்."

சொட்டு நின்றது.

முதுகில் ஏதோ தட்டியது. பாறை அல்ல. மென்மையாக இருந்தது.

தோளுக்கு மேலாக ஒரு கை மெல்ல வந்தது. விரல் நுனிகளில் ஊதா. டார்ச் பொத்தானில் இருந்த அவன் கட்டைவிரல்மேல் தன் கட்டைவிரலை வைத்தது. ஈரம். குளிர்.

அழுத்தியது.

விளக்கு அணைந்தது.