மின்ஜி ஒட்டிய கொடிகள்

மின்ஜி வகுப்பில் சேர்ந்து ஆறு வாரமாகியும் வாயைத் திறக்கவில்லை. கொரியாவிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா லண்டனில், டிவி செய்யும் கொரியக் கம்பனி ஒன்றில் இஞ்சினியர்.

அவளுக்குப் பக்கத்தில் ரமா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், 1990இல், ரமாவும் இப்படித்தான் இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை மின்ஜி தன் நாட்டைப் பற்றிப் பேசுவாள்" என்றார் டீச்சர்.

மின்ஜி கொப்பியில் எதையோ எழுதி ரமாவிடம் நகர்த்தினாள். 'வெள்ளி. எனக்குக் காய்ச்சல்.'

"இன்றைக்குத் திங்கள்தானே?" என்று ரமா கேட்டாள். மின்ஜியின் கண்கள் கலங்கின.

அன்று மாலை ரமாவின் வீட்டில் வீடியோ டெக் வேலை செய்யவில்லை.

"என்ரை கை உள்ளுக்குப் போகுதில்லை. நீ பூந்து அந்த வயரைக் கொழுவி விடு, பிள்ளை" என்றார் அப்பா.

ரமா டிவிக்குப் பின்னால் நுழைந்தாள். அங்கே சின்ன எழுத்துகள் தெரிந்தன.

"அப்பா, இது கொரியாவில செய்ததாம்."

"ஓம். டெக்கும் அங்கத்தையான்தான். லேசில பழுதாகாது."

"பிறகேன் வேலை செய்யேல்லை?"

"அது வயரின்ரை பிழை. சரி, வெளியில வா."

"கொஞ்சம் பொறுங்கோ. யோசிக்கிறன்."

மறுநாள் ரமா மின்ஜியிடம் சொன்னாள்: "நீ பேச வேண்டாம். கொடி ஒட்டினால் போதும்." மின்ஜி ஒட்டும் தாளில் பத்துக் குட்டிக் கொரியக் கொடிகளை வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் வகுப்பின் முன்னால் நின்றார்கள்.

"மின்ஜியின் நாட்டுப் பொருட்கள் இந்த அறைக்குள்ளேயே இருக்கின்றன. தேடுங்கள்" என்றாள் ரமா.

பிள்ளைகள் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தார்கள். டிவி, டேப் ரெக்கார்டர், கம்ப்யூட்டர் திரை என்று ஒவ்வொன்றாக அகப்பட்டன. டேவிட் தன் சப்பாத்தைக் கழற்றினான். அதுவும் கொரியாதான். மின்ஜி மூக்கைப் பிடித்துக்கொண்டு அதிலும் ஒரு கொடி ஒட்டினாள்.

"இவ்வளவையும் செய்ய எப்படிப் பழகினார்கள்?" என்று டேவிட் கேட்டான்.

ரமாவுக்கு அது தெரியாது.

"தெரிந்த சொற்களே போதும்" என்று மின்ஜியின் காதில் சொன்னாள்.

மின்ஜி கரும்பலகையில் ஒரு மாடு வரைந்தாள்.

"தாத்தா. வயல். ஒரே மாடு." பிறகு டஸ்டரால் மாட்டை அழித்தாள். "விற்றார். அப்பா, பல்கலைக்கழகம்."

மாடு நின்ற இடத்தில் ஒரு டிவி வரைந்தாள். "இப்போது அப்பா, இது."

"உன் அப்பா மட்டுமா?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை. நிறைய அப்பா. நிறைய மாடு."

டேவிட் வகுப்பு டிவியின் மேல் காதை வைத்துக் கேட்டான். "அப்படியென்றால் இதற்குள் ஒரு மாடு இருக்கிறது."

மின்ஜி அந்த டிவியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது பெரிய டிவி" என்றாள். "இரண்டு மாடு."

வகுப்பு சிரித்த சிரிப்பில், பக்கத்து வகுப்பு டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.