கோபுரம் தெரியாத படம்

மூன்றாவது வீட்டின் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. நெகடிவில் அது இல்லை.

ஓசியெக் நகரத்தில், தம் வீட்டுக் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டு, வெளியே மதிய வெயில் காய்ந்துகொண்டிருக்க, டிஹோமிர் சிவப்பு விளக்கடியில் அந்த ஈரத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிளம் தோப்பில் இலைதழை போர்த்திய டாங்கி; பின்னால், அதுவரை குண்டு விழாத கிராமம். போர் தொடங்கிய வருடம் அவர் எடுத்த படம்.

"அண்ணே, படத்துல கோபுரம் மட்டும் விழவேணாம். நாங்க எங்க நிக்கிறோம்னு கண்டுபிடிச்சுடுவானுங்க" என்று டாங்கி ஓட்டுநர் அன்று கெஞ்சினான். போர்ப் படம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் தேவாலயக் கோபுரம் இல்லாமல் படம் மொட்டையாக இருந்தது. சேர்த்தே எடுத்தார். பத்திரிகையில் வந்த மறுநாள் ஷெல் விழுந்தது. பத்தொன்பது பேர். படத்துக்கு வெளிநாட்டில் பரிசு வந்தது.

நாளை கண்காட்சிக்குத் தப்பிப் பிழைத்த ஊர்க்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் கோபுரத்தை மறைத்தாக வேண்டும்.

இரண்டாவது தாளில் கோபுரம் விழும் இடப்பக்கத்தை அட்டையால் மூடி ஒளி காட்டினார். கரைசலில் போட்டதும், மூடிய பக்கத்திலேயே கோபுரம் முதலில் எழுந்து வந்தது. அதன் கீழே இன்னும் நான்கு கூரைகள் இல்லை. ஷெல் விழுந்த அதே வரிசையில்.

கதவு தட்டப்பட்டது. மனைவி நெவெங்கா.

"டிஹோ, உள்ளயே குடித்தனம் போயிட்டியா? சூப் ஆறிப்போச்சு!"

"வரேன், வரேன்."

"அந்தக் கோபுரத்தை நல்லா பெருசா போடு. ஊர்க்காரங்க சந்தோஷப்படுவாங்க."

அவருக்குக் காது மடல் எரிந்தது. "கோபுரமா? இந்தப் படத்துல அது இருந்ததே இல்லையே."

"சரியாப் போச்சு. மறதியில எங்கப்பாவையே மிஞ்சிடுவே போல. நான் மாடத்துல துணி காயப்போடறேன், நீ வந்து சேரு."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. சொல்லியிருக்கலாம். இப்போதாவது.

மூன்றாவது தாள். கரைசல் வாடை போய், ஈரச் சுண்ணாம்பும் கரிந்த மரமும் கலந்த நாற்றம் குளியலறையை நிறைத்தது. கோபுரம். இடிபாடு. மொத்த ஊரும் இடிபாடு. கோபுரத்தை ஒட்டி ஒரே ஒரு வீடு முழுசாக நின்றது.

பச்சைக் கம்பி மாடம்.

அவர் வீடு.

மாடத்தில் ஒரு பெண். கையில் வெள்ளை விரிப்பு. எதையோ கேட்டவள்போல் முகத்தை வானத்துக்கு உயர்த்தியிருந்தாள்.

தாளைப் பிடுங்கி, படம் மேலும் எழாமல் நிறுத்தும் கரைசலில் அமுக்கினார். நிற்க வேண்டும். நிற்கவில்லை. கூரை ஓட்டில் ஒரு கரும்புள்ளி.

"இருந்துச்சு நெவெங்கா! கோபுரம் இருந்துச்சு! தெரிஞ்சேதான் எடுத்தேன்!"



புள்ளி விரிந்தது. விரிப்பின் ஓரம் வரை. அவள் கழுத்து வரை.