பதினான்கு படிகள்

மாடிப்படி அவள் கண்ணெதிரில்தான் இருந்தது. பட்டப்பகல், படியில் ஈ காக்கை இல்லை. ஆனால் தையல் மிஷின் மேலிருந்த சின்ன ஸ்பீக்கரில், யாரோ வெறுங்காலோடு அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மாடியில் தொட்டிலருகே மைக், கீழே அவளிடம் ஸ்பீக்கர். மிஷின் ஓடும்போது குழந்தையின் அழுகை கேட்காமல் போய்விடக்கூடாது என்று, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கணவன் வாங்கிக் கொடுத்தது. முதல் வாரம் முழுக்கக் குழந்தையின் சீரான மூச்சும், மின்விசிறியின் கிறீச்சும், எப்போதாவது ஒரு தும்மலும்தான் அதில் கேட்டன. எட்டாம் நாள் வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கேட் பூட்டியே இருந்தது. அப்புறம் முதல் படி. நிதானமாக இரண்டாவது.

ஏதோ கோளாறு என்று ரீசெட் துளையில் ஊசியை அழுத்திப் பத்து எண்ணினாள். பச்சை விளக்கு எரிந்தது. நடை மறுபடி கேட்டிலிருந்து ஆரம்பித்தது.

ஓகோ, ரீசெட் செய்தால் அது வாசலுக்கே போய்விடுமா! அன்றிலிருந்து ஐந்தாம் படி வந்தால் ஊசிதான், நாளைக்கு இருபது தடவையாவது. குழந்தையோடு மைக்கையும் ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கும் ஓடிப் பார்த்தாள். மாடியே இல்லாத வீடு அது. அங்கும் படிச் சத்தம் வந்தது. ஸ்பீக்கரை அணைத்தால் சத்தம் நிற்கும், நடை நிற்குமா? பெற்ற பிள்ளையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

போன் அடித்தது. கணவன்.

"திரும்ப ரீசெட் பண்ணினியா?"

"பண்ணாம? காலடி கேக்குதுங்க."

"பயந்தாங்கொள்ளி! பக்கத்து வீட்டு சிக்னலா இருக்கும். சும்மா சும்மா ரீசெட் பண்ணினா மெமரி தேஞ்சு போகும்டி. அப்புறம் பழசு அழியாம அப்படியே நின்னுடும். சாயங்காலம் புதுசு வாங்கிட்டு வரேன், அதுவரைக்கும் கை வைக்காதே."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான்.

ஸ்பீக்கரில் ஆறாம் படி.

ஸ்பீக்கரையும் ஊசியையும் கையிலெடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். தூங்கும் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, அறை வாசலைப் பார்த்தபடி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஊசியை அழுத்தினாள். பத்து எண்ணினாள். சிவப்பு விளக்கு சிமிட்டியது. இருபது. நாற்பது. கை வியர்த்து ஊசி வழுக்கியது. எழுபதில் பச்சை வந்தது.

அப்பாடா!

கேட் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

ஏழாம் படி.

பழசு அழியவில்லை. மறுபடி ஊசி. சிவப்பு.

எட்டு. ஒன்பது.

"ஐயோ, போயிடு. என் பிள்ளையை விட்டுடு!"

பன்னிரண்டு. பதின்மூன்று. சிவப்பு மாறவேயில்லை.

பதினான்கு.

விளக்கு அணைந்தது. ஸ்பீக்கர் செத்துப்போனது.

அறை வாசலில் யாருமில்லை. படியெல்லாம் வெயில்.

இடுப்பில் குழந்தை கண் விழித்தது. சிரித்தது. தூக்கச் சொல்லி அப்பாவிடம் நீட்டுவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டியது. அவள் தோளுக்கு மேலாக. பின்னால்.

அவள் முதுகு இன்னும் சுவரில்தான் ஒட்டியிருந்தது.

இடுப்பில் இருந்த பாரம் மெல்லக் குறைந்தது.