ஏரிக்கரையில் வந்த பதில்

காலை பத்து மணிக்குப் பஸ் அவர்களை உலு கிள்ளான் சாலையில் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து ஏரிக்கு ஒன்றரை மைல் நடை. ரெங்கசாமி முன்னால் நடந்தான். தனலெட்சுமி பின்னால் வந்தாள்.

அவள் புருஷன் வேலாயுதமும் ரெங்கசாமியும் காட்டு இலாகாவில் எல்லைப் பாதை வெட்டுகிற கூலிகள். பதினோரு மாதத்துக்கு முன்னால், 1931 கடைசியில், ஒருநாள் மத்தியானம் வேலாயுதம் தண்ணீர் மொள்ள ஏரிக்குப் போனவன் திரும்பவில்லை. ஏழு நாள் தேடினார்கள். ஏரியில் வலை போட்டு இழுத்தார்கள். தலையில் கட்டியிருந்த துண்டுகூட அகப்படவில்லை.

அவன் தம்பி பாலன் கிள்ளானிலிருந்து மாதாமாதம் அவள் இருந்த பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, கருமாதியை முடித்துவிடலாம் அண்ணி என்று சொல்லிக்கொண்டிருந்தான். உடம்பைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அவள் மறுத்துவிட்டாள். போன வாரம்தான், அந்த இடத்தை ஒருதடவை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். பாலனுக்கு அங்கே வரப் பயம். ரெங்கசாமி கூட்டிவந்தான்.

அவளுக்கு நம்பிக்கை என்று எதுவும் இல்லை. துக்கமும் இல்லை. பதினோரு மாதமாக அவள் அழவில்லை. அழுகை வரவில்லையே என்ற கவலைகூட அவளுக்கு வரவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் மங்கியது. நாலு பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள். மலாய்க்காரர்கள் மெம்பெனிங் என்பார்கள், வெள்ளைக்காரத் துரைக்கு இது ஓக் என்று ரெங்கசாமி சொன்னான். இருநூறு முந்நூறு வயசு இருக்குமாம். வெட்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. குட்டிக் கிண்ணத்தில் உட்காரவைத்தது போன்ற கொட்டைகள் தரையெங்கும் கிடந்து காலடியில் உருண்டன. மக்கிய இலையின் வாடையும் சேற்று வாடையும் கலந்து வந்தன.

அவள் கணுக்காலில் ரத்தம் ஒழுகுவதை ரெங்கசாமிதான் பார்த்தான். மூன்று அட்டைகள். எரியவில்லையா என்று கேட்டான். தெரியவில்லை என்றாள்.

ஏரி அசையாமல் கிடந்தது. கரையோரம் சரிந்து நின்ற ஒரு கிழட்டு மரத்தை ரெங்கசாமி காட்டினான். தான் கடைசியாக வேலாயுதத்தைப் பார்த்தது அங்கேதான் என்றான்; குனிந்து வாளியை முக்கிக்கொண்டிருந்தானாம்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டியா அண்ணே?"

ரெங்கசாமி மெல்லச் சொன்னான். "கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது. இந்தக் காட்டுல கூப்பிட்டா வேற எதுவோ கேட்டுக்கிட்டு இருக்கும்னு எங்க மேஸ்திரி, அந்த மலாய்க்கார மண்டோர், சொல்லியிருக்காரு."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. வீட்டில் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டாள். சத்தம்கூடப் போடவில்லை.

"ஏங்க."

வண்டுகளின் இரைச்சல் சட்டென்று நின்றது.

"இந்தா வரேன்."

மரங்களுக்கு உள்ளேயிருந்து வந்தது. வேலாயுதத்தின் குரல். வேலை முடிந்து வந்து, கொல்லையில் கை கழுவிக்கொண்டே சொல்வானே, அதே அலுப்பு, அதே இழுப்பு.

ரெங்கசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு நெஞ்சு படபடக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. காது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்தா வரேன்."

இந்தமுறை அவள் கூப்பிடவே இல்லை.

இன்னும் கிட்டத்தில் கேட்டது. அந்தச் சரிந்த மரத்துக்குப் பின்னால்.

இலை சரசரக்கவில்லை. காலடிச் சத்தமும் இல்லை. குரல் மட்டும் நெருங்கிவந்தது.

"தனலெட்சுமி."

அவளுடைய தோளுக்கு ஒரு முழம் பின்னால்.

"திரும்பாத தங்கச்சி," என்று ரெங்கசாமி முணுமுணுத்தான்.

அவள் திரும்பவில்லை. சாலையைப் பார்த்து நடந்தாள். ஓடவில்லை. பின்னால் அந்தக் குரல் அவள் பெயரை ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டே வந்தது. மரங்கள் முடிகிற இடத்தில் நின்றுவிட்டது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் அவள் வாய் திறந்தாள். "அவரு செத்துட்டாரு அண்ணே."

எப்படித் தெரியும் என்று அவன் கேட்டான்.

"பதினாலு வருசத்துல ஒருநாள்கூட அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. புள்ளன்னுதான் கூப்பிடுவாரு. அவரு கொரலை வேற எதுவோ எடுத்துக்கிச்சு."

அடுத்த வாரம் பாலன் கருமாதி செய்தான். பெண்கள் கூடி அழுதார்கள். தாலியை அவளே கழற்றிக் கொடுத்தாள். அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு முற்பகல், பிரிக்பீல்ட்ஸ் லயத்து வரிசை வீடுகளின் பொதுக்குழாயடியில் தண்ணீருக்கு நின்றாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஆளில்லாத வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். அவளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு நல்லம்மாள், நிறைந்த வாளியைத் தூக்க மாட்டாமல் தன் புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, செத்த இங்க வாங்களேன்."

நல்லம்மாளின் புருஷன் வாசலுக்கு வந்து என்ன என்று கேட்டான்.

அதே நேரத்தில், தனலெட்சுமியின் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல் கேட்டது.

"இந்தா வரேன்."

நல்லம்மாள் வாளியைக் கீழே விட்டுவிட்டு அந்தக் கதவையே பார்த்தாள். தனலெட்சுமி கொஞ்சம் நகர்ந்து, தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.