பற்றரி இல்லாத பெட்டி

குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில், அந்தப் பச்சைப் பெட்டி இருந்தது. அடியிலிருந்து கடல்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்ரனிட்டா கிட்டப் போகாமல் வாசலோடு நின்றாள். அவள் புருசன் டெனிஸ்ரன் விடியவே அதைப் படகில் கொண்டுபோயிருந்தான். சற்று முன்புதான் போன் எடுத்து, "அந்தக் கோதாரியைக் கடலில தாட்டுப்போட்டன். வந்துகொண்டிருக்கிறன்" என்றான்.

மூன்று நாளைக்கு முன் வலையில் வந்த சாமான். எந்த நாட்டு இராணுவத்தின் செயற்கைக்கோள் வழியே கதைக்கும் செய்மதித் தொலைபேசியோ தெரியாது. நேவியிடம் கொடுத்தால் நாள்கணக்கில் இருத்திவைத்து விசாரிப்பார்கள் என்ற பயத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். நெடுந்தீவில் போன் திருத்தும் றஜீபன் பற்றரியைக் கழற்றி எடுத்துவிட்டு, "அக்கா, பற்றரி இல்லையெண்டாலும் கவனம். உதில ஆர் கதைச்சாலும் அவை நிக்கிற இடத்தை உது அங்கால இருக்கிறவைக்குச் சொல்லிப்போடும். ஒருத்தரும் வாய் திறக்காதேயுங்கோ" என்றான்.

வெளியே மத்தியான வெயில். முருகைக்கல் மதிலுக்கு அப்பால் ஒரு மாடு கத்தி ஓய்ந்தபின் ஊரே செத்துக் கிடந்தது போலிருக்க, குசினிக்குள் நீர் சொட்டும் சத்தமும், பல நாள் உப்புநீரில் ஊறிய உடுப்பின் புளித்த நாற்றமும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்தன. அடுத்த அறையில், பழஞ்சேலையில் கட்டிய ஏணைக்குள், இரண்டு வயது மகள் ஜெனீற்றா நித்திரை.

பெட்டியில் சின்ன வெளிச்சம் பற்றியது.

"இஞ்சேரும், எங்க நிக்கிறீர்?"

டெனிஸ்ரனின் குரல். கரை கிட்டும்போதெல்லாம் அவன் கேட்பதுதான். வலையில் மீன் கழற்ற அவள் துறைக்குப் போகவேண்டும். கேட்டவுடன் சொல்லிப் பழகிய வாய்.

"வீட்டிலதான் நிக்கிறன்."

சொல்லிவிட்டாள். மாதாவே! அவன் கதைத்தால் பின்னால் எஞ்சின் இரையும், காற்று அடிக்கும். இதில் ஒன்றுமே இல்லை.

"பிள்ளை எங்க?"

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். சொல்லமாட்டாள். கொன்றாலும் சொல்லமாட்டாள்.

"ஜெனீற்றா... அப்பா வந்திட்டன். எங்க நிக்கிறாய்?"

அறைக்குள் குழந்தை சிரித்தது.

"இஞ்ச, அப்பா!"

வெளிச்சம் அணைந்தது.

ஓடினாள். ஏணை ஆடிக்கொண்டிருந்தது. பெரிய ஆள் ஒருவரின் பாரத்தில் நிலம்முட்டத் தொங்கியது. சேலை முழுக்க ஈரம். விளிம்பில் மகளின் கை. அதை இறுகப் பிடித்தபடி, நைந்த இராணுவச் சட்டைக்குள்ளிருந்து, ஊதி வெளுத்த இன்னொரு கை.