எட்டு லிட்டர் ரேடியேட்டர்

முள் ஏறவே இல்லை.

புதுக்கோட்டையை விட்டு இருபது கிலோமீட்டர் வந்த பிறகுதான் நாகராசு அதைக் கவனித்தான். கத்திரி வெயில். தார்ச்சாலை கானலில் நெளிந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைத் துண்டு சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. இருக்கையின் ரெக்சின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அசையும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து இழுத்தது. இந்த வெயிலில் பத்து நிமிடம் ஓடினாலே பாதிக்குத் தாவிவிடும் வெப்ப முள், இப்போதுதான் கிளப்பிய வண்டியில் கிடப்பதுபோல அடிக்கோட்டில் படுத்துக் கிடந்தது.

முதலில் மகிழ்ச்சிதான். சனியன் ஒருவழியாகத் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் பட்டவன் புத்தி சும்மா இருக்குமா. வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, இறங்கி, பானெட்டின் மேல் கை வைத்தான். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டான். சூடு இல்லை. பானெட் சில்லென்று இருந்தது. தண்ணீர் ஊற்றிவைத்த மண்பானையைப்போல அதன் மேல் ஈரம் பூத்திருந்தது. உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

நாகராசு இந்த வண்டியை ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. பதினோரு வருடம் மஸ்கட்டில் கட்டட வேலையில் கம்பி கட்டிவிட்டு வந்தவன். வந்து ஆறே மாதத்தில் மனைவி பிரகதீஸ்வரிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் திருச்சியில் டயாலிசிஸ். முடித்து வரும்போது தலையைத் தூக்க முடியாமல் துவண்டுவிடுவாள். அவளைப் பஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டிவருவது ஆகாத காரியம். அதற்காகத்தான் இருபது வயதான இந்த டீசல் காரை வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து அது அவனை எதிரியாகத்தான் பார்த்தது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். சூடானபின் நிறுத்தினால் செல்ஃப் எடுக்காது. நடுவழியில் கொதித்துப் பொங்கும்.

போன வாரம் கீரனூர் மெக்கானிக் பிச்சைமுத்துதான் அதன் நாடியைப் பிடித்தான். டெஸ்ட் லாம்பை வைத்துக்கொண்டு பேட்டரி, எர்த் வயர், செல்ஃப் மோட்டார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். வெள்ளை வெள்ளையாய் உப்புப் பொருக்கு உதிர்ந்தது.

"ரெண்டு நோயும் ஒண்ணுதாண்ணே. போர் தண்ணிய ஊத்தி ஊத்தி குழாயெல்லாம் அடைச்சுப் போச்சு. அடைச்சா கொதிக்கும். கொதிச்சா பக்கத்துல இருக்க செல்ஃப் மோட்டாரும் வெந்து போயி இழுக்காது. நல்லாக் கழுவி விட்டுட்டேன். எட்டு லிட்டர் பிடிக்கும். வழியில ஊத்தணும்னா மழைத்தண்ணி, ஊருணித் தண்ணி ஊத்துங்க. உசுரே போனாலும் போர் தண்ணி ஊத்தாதீங்க."

நாகராசு சொன்ன சொல்லைக் கேட்கிறவன். அதுதான் வினையாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை, பிரகதீஸ்வரியைப் பின்சீட்டில் படுக்கவைத்துப் போகும்போது, நார்த்தாமலைக்குப் பிரியும் இடத்தருகே ஒரு ஹோஸ் கிளிப் நழுவி, இருந்த தண்ணீரெல்லாம் ரோட்டில் கொட்டியது. கிளிப்பை முறுக்கிவிட்டான். தண்ணீருக்கு, இருபதடி தூரத்தில் அடிபம்பு ஒன்று இருந்தது. உப்புத் தண்ணீர். அவன் அதைத் தாண்டி, பாறையடியில் செம்புறாங்கல் படி கட்டிய ஊருணிக்குப் போனான். கழுத்தளவு தண்ணீர் அசையாமல் கிடந்தது. செருப்போடு இறங்கி, பத்து லிட்டர் கேனை அமுக்கி நிரப்பினான்.

மேல்படியில் குடத்தோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சின்னப்பிள்ளை என்று யாரோ கரையிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்; அவள் திரும்பவில்லை.

"எடுத்தா ஒரு கை தண்ணி திருப்பி விடணும்யா. இங்கிட்டு அதான் வழக்கம்."

"ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சுக்கா. ஒரு கேன் தண்ணிக்கு இம்புட்டு வழக்கமா?"

"கேனையா கேட்டேன். ஒரு கை."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவன் ஒரு சொட்டும் திருப்பி விடாமல் ஏறி வந்துவிட்டான். காருக்குள்ளிருந்து பிரகதீஸ்வரி கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் அவள் குடிக்கக் கூடாது. மூன்று வருடமாக அளந்து அளந்துதான் கொடுக்கிறான். இரவில் அவள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம்கூட அவனுக்குப் பழகிவிட்டது.

"ஏங்க, அந்தத் தண்ணி ஒரு வாய் குடுங்களேன்."

"குடிச்சுட்டுச் சாவப் போறியா?"

சொன்னபின் வருந்தினான்; ஆனால் கொடுக்கவில்லை. அவ்வளவையும் ரேடியேட்டரில் ஊற்றினான். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்தாள். எட்டு லிட்டர் பிடிக்கும் ரேடியேட்டரில் பத்து லிட்டரும் இறங்கியதை அவன் அப்போது யோசிக்கவில்லை.

அன்று ஒன்றரை மணி நேரம் தாமதம். நான்கு மணி நேரம் ஓடவேண்டிய மெஷின் இரண்டு மணி நேரந்தான் ஓடியது. "செவ்வாய்க்கிழமை சரியா பதினோரு மணிக்கு இங்க இருக்கணும். தவறினா தண்ணி நுரையீரலுக்கு ஏறிடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்தச் சொல் மூன்று நாளாக அவன் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அதனால்தான் இந்தத் திங்கட்கிழமை, வண்டி தாங்குமா என்று தனியாக ஓட்டிப் பார்க்கிற ஒத்திகை. அதனால்தான் இப்போது, குளிர்ந்த பானெட்டை வெறித்துக்கொண்டு புளியமரத்தடியில் நிற்கிறான்.

நேராகக் கீரனூருக்கு விட்டான்.

பிச்சைமுத்து கேட்டுவிட்டுச் சிரித்தான். "மீட்டர் செத்திருக்கும்ணே" என்றபடி மேல் ஹோஸைப் பிடித்தான். சிரிப்பு நின்றது. அரைமணி நேரம் வெயிலில் இன்ஜினை ஓடவிட்டான். பிறகு ஈரச்சாக்கை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகத் திருகினான். ஆவி வரவில்லை. பாசி வாடைதான் வந்தது. இன்ஜின் உலுக்குகிற உலுக்கலில் வண்டியே நடுங்கிக்கொண்டிருக்க, வாய்வரை நிரம்பியிருந்த பச்சைத் தண்ணீர் மட்டும் அசையாமல் நின்றது.

"இத எறக்கிருவோம்" என்று கீழே வாளியை வைத்து வடிகுழாயைத் திறந்தான்.

ஒரு வாளி நிரம்பியது. இரண்டாவது நிரம்பியது. மூன்றாவது வாளியில் ஒரு அல்லித்தண்டு சுருண்டு விழுந்தது. விரல் தடிமன் இருக்கும். அந்தக் குழாயின் துளையோ அதில் பாதிகூட இல்லை. ஐந்தாவது வாளிக்குப் பிறகு பிச்சைமுத்து எண்ணுவதை நிறுத்தினான். பட்டறைத் தரையெல்லாம் தண்ணீர் பரவி ரோட்டுக்கு ஓடியது. குழாயை மூடிவிட்டு மேலே எட்டிப் பார்த்தான். வாய்வரை, அதே மட்டம்.

"எங்கிட்டு எடுத்தீங்க இந்தத் தண்ணிய?"

சொன்னான். பிச்சைமுத்து கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான்.

"கொண்டு போயிருங்க. காசு வேணாம். எடுத்த எடத்துல திருப்பி விட்டுட்டு வாங்க. இனிமே இத இங்க கொண்டு வராதீங்கண்ணே."

நாகராசு திருப்பி விடப் போகவில்லை. சூடாகாத வண்டி வழியில் நிற்காது. நாளைக்கு ஒரு நாள் ஓடினால் போதும். அவள் உடம்பிலிருந்து தண்ணீரை இறக்கிவிட்டால் அப்புறம் ஊருணிக்கு வேண்டிய மட்டும் விடலாம். இப்படிக் கணக்குப் போட்டான். இருந்தாலும் பயம் விடாமல், தெரிந்தவர்களிடமெல்லாம் வாடகைக் காருக்குச் சொல்லிவைத்தான். மறுநாள் வைகாசி முகூர்த்தம். ஊரில் ஒரு கார் இல்லை.

செவ்வாய் காலை எட்டே முக்காலுக்குச் சாவியைச் செருகினான். இன்னும் திருகவில்லை. இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது.

பிரகதீஸ்வரியின் பாதங்கள் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாள். தூக்கிப் பின்சீட்டில் சாய்த்தான். தலைமாட்டில் அவளுடைய அரை லிட்டர் பாட்டிலை வைத்தான். ஊரைத் தாண்டினார்கள். இன்ஜின் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. படியில் தண்ணீர் மோதுகிற சத்தம். மெல்ல மோதி, பின்வாங்கி, மறுபடி மோதியது.

"ஏங்க, ஏசி போட்டிருக்கீங்களா?"

அந்த வண்டியில் ஏசி கிடையாது.

"குளுருதுங்க. கண்ணாடிய ஏத்தி விடுங்க."

அவன் கையை நீட்டிக் கண்ணாடிகளை ஏற்றினான். வெளியே ஆடுகள்கூட நிழலுக்கு ஒதுங்கியிருந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டு எங்கே இருக்கிறது? வெள்ளை வெளேரென்ற வெயில். அந்த வெயிலில் அவன் பற்கள் கிட்டிக்கொண்டன.

நார்த்தாமலைப் பிரிவு வந்தது. இன்ஜின் நின்றது.

இருமவில்லை. திணறவில்லை. நின்றது. வண்டி தானாக உருண்டு, வெள்ளிக்கிழமை நின்ற அதே மண்ணில் போய் நின்றது.

சாவியைத் திருகினான். டிக். மறுபடி. டிக். ஹாரனை அழுத்தினான், அலறியது. பேட்டரி நன்றாக இருக்கிறது. இறங்கிப் பானெட்டைத் திறந்து, ஸ்பேனரால் செல்ஃப் மோட்டாரைத் தட்டினான். சில சமயம் தட்டினால் எடுக்கும். இரும்பிலிருந்து தண்ணீர் தெறித்தது. உள்ளே வந்து திருகினான். டிக். மணி ஒன்பதரை. பிச்சைமுத்துவுக்குப் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. கைகாட்டினான், முகூர்த்தத்துக்குப் போகிற வேன்கள் நிற்காமல் பறந்தன. ஒரு வேனின் ஜன்னலில் இருந்தவர்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"காலெல்லாம் ஈரமா இருக்குங்க" என்றாள்.

"இப்ப கெளம்பிரும். நீ பேசாத, மூச்சு வாங்கும்."

"ஒரு வாய் குடுங்க."

"வர்றேன். இந்தா வந்தர்றேன்."

கதவைச் சாத்தினான். கேனை வடிகுழாயில் பிடித்து நிரப்பினான். ஓடினான்.

ஊருணி இல்லை.

படிகள் இருந்தன. படிகளுக்குக் கீழே சேறு. வெடிக்கத் தொடங்கிய சேறு. நடுவில் கருகிய அல்லிக்கொடி. நான்கே நாளில் கழுத்தளவு தண்ணீர் போன இடம் தெரியவில்லை. சுற்றிலும் கரைமேல் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள். சின்னப்பிள்ளை முன்னால் வந்தாள். அவள் உதடுகள் வெடித்திருந்தன.

"எங்க ஊர்த் தண்ணிய எங்கிட்டுக் கொண்டு போன?"

"தெரியாமச் செஞ்சுட்டேன்க்கா. கொண்டாந்துட்டேன். இந்தா, ஊத்திர்றேன். எம்பொண்டாட்டி வண்டில கெடக்கு."

செருப்பைக் கழற்றி எறிந்தான். படியிறங்கினான். கேனைக் கவிழ்த்தான். தண்ணீர் விழுந்தது. மண் உறிஞ்சியது. ஈரத்தின் தடம்கூடத் தங்கவில்லை.

"ஒரு கைதான கேட்டேன் அன்னிக்கி" என்றாள் சின்னப்பிள்ளை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் பார்வை அவனைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று. எல்லாப் பெண்களும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் இன்ஜின் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஓடினான். வெறுங்காலைச் சரளைக்கல் கிழித்தது. கார் நின்ற இடத்திலேயே நின்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் பச்சையாக இருந்தன. அடியிலிருந்து கூரைவரை பச்சை. கதவிடுக்கில் ஒரு சொட்டு கசியவில்லை. ஓட்டுநர் பக்கத்தில் சாவிக்கொத்து மிதந்து மெல்ல ஆடியது. முள் அடிக்கோட்டில் கிடந்தது.

கதவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கல்லை எடுத்தான். ஓங்கினான்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் முகம் வந்தது. கூந்தல் அவிழ்ந்து மேலே மிதந்தது. அரை லிட்டர் பாட்டில், மூடி திறக்காமல், அவள் தோளருகே மிதந்துகொண்டிருந்தது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. மூன்று வருடத்துத் தாகம். அவனைவிட்டுக் கண்ணை எடுக்காமல், நிறுத்தாமல், பிரகதீஸ்வரி குடித்துக்கொண்டிருந்தாள்.