கடைசிப் பங்கு

பீக்கோ ஒரு துண்டை மிச்சம் விட்டான்.

யசிந்தனின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு மேலே மலைச் சரிவில், சர்க்கஸ்களிலிருந்தும் பணக்காரரின் தோட்டங்களிலிருந்தும் மீட்ட ஓநாய்களை வைத்துப் பராமரிக்கும் இடம் அது. மூன்று வருடமாக மாலை ஐந்து மணிக்கு அவன்தான் இறைச்சி கொண்டுபோய் வேலிக்குள்ளிருக்கும் தட்டைக் கல்லில் வைக்கிறான். ஓநாய்கள் நான்கு. அவை சாப்பிடும் வரிசை ஒருநாளும் மாறியதில்லை. முதலில் நுன்சியா, அவள் உறுமுவதில்லை, பார்ப்பாள், அது போதும். அடுத்து தூரி, கன்றுக்குட்டி அளவு உடம்பு, ஆனால் ஒரு பிளாஸ்ரிக் பை காற்றில் பறந்தால் ஓடி ஒளிவான். மூன்றாவது லோலா, மற்றவர்களைச் சீண்டிச் சண்டை மூட்டிவிட்டு ஒன்றும் அறியாதவள்போல் படுத்துக்கொள்வாள். கடைசியில் பீக்கோ, இடது காது பிளந்து, அதில் மஞ்சள் அடையாள வில்லை தொங்கும் கோமாளி. யசிந்தனின் கையுறைகளைத் திருடிப் புதைப்பதுதான் அவனுடைய வேலை. மூவரும் தின்று முடிக்கும்வரை வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு காத்திருப்பான். பிறகு மிச்சத்தைத் தின்று கல்லையும் நக்குவான்.

அன்று அவன் கல்லை நக்கவில்லை. கடைவாயில் எச்சில் நூலாக வழிய, அந்தத் துண்டை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். தனக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத புழுதியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

காலையில் கல் வெறுமையாக இருந்தது.

அவன் மனைவி பிரசாந்தினி இறந்து அன்றோடு ஒன்பது நாள்.

லிபெர்த்தா தெருவில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. பின்னேரம் ஒரேத்தோ தெருவில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வந்து சமைப்பாள். யசிந்தனுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவன் கைகழுவிய பிறகு, அடுப்படியில் நின்றபடியே சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவாள். கலியாணம் கட்டி நான்கு வருடம், அந்த வரிசையும் மாறியதில்லை. கடைசி இரவு தலை இடிக்கிறது என்றாள். ஆட்டிறைச்சிக் கறி. அவன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். அகப்பை சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ஃபோனைப் பார்த்துக்கொண்டே படுத்துவிட்டான். விடிய அவள் எழும்பவில்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டொக்ரர். வயிறு வெறுமையாக இருந்தது என்றும் சொன்னார். யாரும் அதைக் கேட்கவில்லை.

எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அவளுக்குப் பிடித்ததெல்லாம் அவனே சமைத்தான். படைத்ததில் ஒரு பங்கை எடுத்துச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். பல்லரோ சந்தை இறைச்சிக் கடைகளிலிருந்து ஓநாய்களுக்குக் கழிவிறைச்சி ஏற்றிவரும் கத்தோலிக்கரான எமிலியானுஸ் தன் வான் வண்டிக்குள் இருந்தபடி சொன்னார்: “ஒரேத்தோவிலை சந்திக்குச் சந்தி குப்பைதானேடாப்பா. பிரசா தன்ரை சோறு எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

அவனைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவன் சிரிக்கவில்லை. யோசித்தான். அவளுடைய நீலக்கரைப் பீங்கான் தட்டில் பங்கைப் போட்டு மலைக்கே கொண்டுவந்தான். வேலிக்குள் ஓநாய்கள் ஓடியோடி உண்டான மூன்று தடங்கள் கரோப் மரத்தடியில் சேருகின்றன. அதுவும் சந்திதானே. வைத்தான். நடந்தான். வேலிக் கதவில் கை பட்டபோது திரும்பிப் பார்த்தான்.

நான்கு ஓநாய்களும் சோற்றைச் சுற்றி நின்றன. ஒன்றும் வாய் வைக்கவில்லை. நான்கு வால்களும் ஒன்றாக ஆடின, வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆளைக் கண்டதுபோல.

பீங்கானை அதற்குப் பிறகு அவன் காணவில்லை.

முதல் சில நாட்கள் பீக்கோ நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குக் கீழே ஒருவர் இருந்தார். பன்னிரண்டாம் நாள் அது முடிந்தது. லோலா தின்று விலகிய பிறகு பீக்கோ கல்லுக்கு வரவில்லை. வாலை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு காத்திருந்தான். ஆபிரிக்காப் பக்கமிருந்து சிறோக்கோக் காற்று சுடச்சுட வீசி மலையைச் செம்புழுதியால் மூடியது. யசிந்தன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது கல்லில் இறைச்சி குறைந்திருந்தது. அப்புறம்தான் பீக்கோ வந்தான்.

பதினேழாம் நாள் லோலாவும் காத்திருந்தாள். அன்றிலிருந்து அவள் யாரையும் சீண்டவில்லை. இருபத்திரண்டில் தூரி, பிளாஸ்ரிக் பையைக் கண்டதுபோல், கல்லைவிட்டு ஓடினான். இருபத்தாறாம் நாள் நுன்சியா கல்லருகே வந்தாள், தனக்கு எதிரே ஒன்றைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள், கண்ணைத் தாழ்த்தி விலகினாள். நுன்சியா கண்ணைத் தாழ்த்தி அவன் கண்டதில்லை.

அவன் பயந்தான். இரவில் எழுந்து அடுப்படி லைற்றைப் போட்டுச் சட்டிகளைத் திறந்து பார்த்தான். பகலில் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கழுவிய வாளியைத் திரும்பக் கழுவினான், பூட்டிய கதவைத் திரும்பப் பூட்டினான். ஆனால் ஐந்து மணி ஆகும்வரை காத்துக்கொண்டும் இருந்தான். கடைசியாகச் சாப்பிட்டவள் இப்போது முதலில் சாப்பிடுகிறாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் பீக்கோவைக் காணவில்லை. வேலியை இரண்டு தரம் சுற்றிவந்தார்கள். ஓட்டை இல்லை, தோண்டிய அடையாளம் இல்லை. கரோப் மரத்தடியில் கொஞ்சம் சாம்பல்நிற மயிர் கிடந்தது. கூட்டத்தில் ஒன்று போனால் மற்றவை ஊளையிடும். இவை வாய் திறக்கவில்லை.

“கடைசி ஆளைக் கலைச்சிருக்குதுகள்,” என்றார் எமிலியானுஸ். “ஆனா எங்காலை போனவன்?” பிறகு யசிந்தனின் முகத்தைப் பார்த்தார். “சரி, அதை விடு. மற்ற அலுவல் என்ன மாதிரி? நாளையிண்டைக்கு முப்பத்தொண்டு. கத்தானியாவிலை இருந்து ஐயர் வாறார். அந்தியேட்டியை முடிச்சு, சாம்பலைக் கடலிலை விட்டிட்டு முழுகிப்போட்டு வா. வேதக்காரன் நான் உனக்குச் சொல்லவேண்டிக் கிடக்கு.”

“ஓம் அண்ணை.”

“ஓம் ஓம் எண்டு மூண்டு கிழமையாச் சொல்லுறாய். ஐயருக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

“அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கேல்லை அண்ணை.”

எமிலியானுஸ் வானின் திறப்புக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “ஆர்?”

யசிந்தன் வாளியைத் தூக்கினான். “வரச்சொல்லுங்கோ. விடுறன்.”

முப்பதாம் நாள் பின்னேரம் அவளிடம் அதைச் சொல்வதற்குத்தான் உள்ளே போனான். வாளியில் எல்லா நாளையும்விட இரண்டு மடங்கு இறைச்சி. எமிலியானுஸின் வான் மலையிறங்கும் சத்தம் வளைவுக்கு வளைவு மெலிந்து, கீழே நகரத்தின் இரைச்சலோடு கலந்து இல்லாமல் போயிற்று. புழுதிக்குள் சூரியன் பழுப்பேறிய எலுமிச்சம்பழம்போல் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரமான ஓநாய் மயிரின் மணத்துக்கும், காய்ந்த புல்லின் மணத்துக்கும் அடியில் வேறொரு மணம், முதலில் மெல்லிதாகவும் பிறகு மூக்கை அடைக்கும்படியாகவும் எழும்பி வந்தது. வறுத்த கறித்தூள். வெந்தயம்.

பின்னால் கதவின் கொளுக்கி விழுந்தது. அவன் அதைத் தொடவில்லை.

மூன்று ஓநாய்களும் தடத்தோரம் வரிசையாக வயிறு நிலத்தில் பட, காதுகள் தலையோடு ஒட்ட, படுத்திருந்தன. நுன்சியாவும் அப்படித்தான் படுத்திருந்தாள். பீக்கோ படுப்பதுபோல்.

அவன் இறைச்சியைக் கல்லில் கொட்டினான். ஒன்றும் எழும்பவில்லை.

“பிரசா,” என்றான். “நாளைக்கு உன்னை விடப்போறன்.”

காற்று நின்றது.

கரோப் மரத்தின் நிழலுக்குள் சத்தம். அகப்பை. சட்டியின் அடி. சுரண்டல்.

தூரி நடுங்கினான். லோலா மூக்கைப் புழுதிக்குள் புதைத்தாள்.

திரும்பவும் சுரண்டல். நிதானமாக. யாரோ ஒருவர் சட்டியை முழுதாக வழித்தெடுப்பதுபோல்.

பிறகு நிழலுக்குள்ளிருந்து ஒன்று நகர்ந்து வந்தது. நிலத்தோடு. கல்லில் உரசி. யாரோ விரல்நுனியால் தள்ளிவிடுவதுபோல், கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

நீலக்கரைப் பீங்கான்.

அவன் காலடியில் வந்து நின்றது. சோறு ஒரு பக்கம். இறைச்சி ஒரு பக்கம், குழம்பு சோற்றில் படாமல். அவனுக்குப் பிடித்த மாதிரி. ஆவி பறந்தது. குழம்பின் ஓரத்தில் பிளந்த காது ஒன்று. அதில் மஞ்சள் வில்லை.

கல்லில் கிடந்த இறைச்சியை ஒருவரும் பார்க்கவில்லை. நுன்சியா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பிறகு தூரி. பிறகு லோலா.

அவர்களுக்குப் பின்னால், நிழலுக்குள், இன்னொருத்தியும் நின்றபடியே காத்திருந்தாள்.

அவனுடைய கை பீங்கானை நோக்கிப் போனது.

மரத்தடியில் அகப்பை மறுபடி சட்டிக்குள் இறங்கியது, அவன் இரண்டாம் தரம் வாங்குவதற்கு.